வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகள்: துருவா, தண்ணீரா, வேறு ஏதாவதா?

#1 கூடுவாஞ்சேரி_வெள்ளை

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளை ஹேட்ச்பேக், வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. போன மாதம் மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். பானெட், டாப், இடது பக்கக் கதவுகள் இரண்டும் என்று எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுப் புள்ளிகள். கசகசா அளவுதான். தள்ளி நின்றால் தெரியாது. வெயிலில் கிட்டே போய்ப் பார்த்தால் யாரோ மிளகாய்த்தூளைக் கிள்ளித் தூவியது போல இருக்கிறது. ஷாம்பூ போட்டுக் கழுவினேன், அசையவில்லை. நகத்தால் சுரண்டினேன், அப்போதும் அசையவில்லை.

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். அட்வைசர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "தகட்டுக்கு உள்ளேயிருந்து துரு வருது சார், எல்லாத்தையும் சுரண்டி ரீபெயின்ட்தான்" என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் ரப்பிங் காம்பவுண்ட், அதாவது பெயின்ட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பசை, கொடுத்தார். பானெட் ஓரத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் தேய்த்துப் பார்த்தேன். போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பத்தே நாளில் அதே இடத்தில் புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன.

உண்மையிலேயே உள்ளேயிருந்து வருகிறதா? பணத்தைக் கட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

#2 சந்தேகப்_பிராணி

போர் தண்ணீரில் கழுவுகிறீர்களா? எங்கள் தெருவில் போர் போட்டால் பக்கெட்டின் அடியில் செம்மண் நிறத்தில் படியும். அந்தத் தண்ணீரை வண்டியில் காயவிட்டால் கறை வராமல் என்ன செய்யும்.

#3 பட்டறை_அண்ணன்

தம்பி, முதலில் அந்தக் காம்பவுண்ட் டப்பாவை மூடி வையுங்கள். எஸ்டிமேட் தாளையும் மடித்து வையுங்கள். நான் பெயின்டிங் பட்டறையில் 26 வருடமாக இருக்கிறேன். நீங்கள் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் பாதி விஷயம் முடிந்துவிடும்.

பம்பரில் புள்ளி இருக்கிறதா? பக்கக் கண்ணாடியின் மூடி, ஹெட்லைட், முன் கண்ணாடி, இங்கெல்லாம்? வலது பக்கம் எப்படி? கையைத் தடவினால் வழவழப்பாக இருக்கிறதா, நறநறவென்று இருக்கிறதா? கையில் தெரியவில்லை என்றால் ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள் விரலை விட்டு, கழுவிய ஈரப் பரப்பின் மேல் லேசாக ஓட்டிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாதது கவருக்குள் தெரியும்.

கடைசியாக ஒன்று. வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் மாதிரி ஏதாவது கிடைத்தால் ஒரே ஒரு புள்ளியை அதில் பார்த்துவிட்டு, என்ன தெரிகிறதோ அதை அப்படியே எழுதுங்கள்.

சந்தேகப்_பிராணிக்கு: இரும்புச்சத்து உள்ள தண்ணீர் காய்ந்தால் வட்டமாக, வழிந்த கோடாகக் கறை விழும். கசகசா மாதிரித் தனித்தனியாக நிற்காது. கதவின் நிமிர்ந்த பரப்பில் தண்ணீர் அப்படிச் சொட்டாக நின்று காயவும் காயாது.

#4 கூடுவாஞ்சேரி_வெள்ளை

அண்ணே, இப்போதுதான் டார்ச்சோடு கீழே போய் வந்தேன். பம்பரில் இருக்கிறது! கண்ணாடி மூடியிலும் இருக்கிறது. ஹெட்லைட்டின் மேல் ஏழெட்டு எண்ணினேன். வலது பக்கக் கதவில் தேடித்தான் பார்க்க வேண்டும், இரண்டோ மூன்றோ. கவர் போட்டுத் தடவினால் உப்புத்தாள் மேல் விரல் ஓட்டுவது போல இருக்கிறது. வலது கதவு வழுக்கிக்கொண்டு போகிறது.

லென்ஸ் இல்லை. மகளின் அறிவியல் பெட்டியில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. புள்ளியின் நடுவில் ஊசி முனை அளவுக்குக் கறுப்பாக ஏதோ இருக்கிறது. அதைச் சுற்றித்தான் ஆரஞ்சு. வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை பரவினது மாதிரி.

#5 பட்டறை_அண்ணன்

அப்படியானால் 38,000 ரூபாய் மிச்சம்.

பம்பர் பிளாஸ்டிக். கண்ணாடி மூடியும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் உள்ளேயிருந்து துருப்பிடித்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. தகடு துருப்பிடித்து மேலே வந்திருந்தால் தகட்டில் மட்டும்தான் வர வேண்டும். அதுவும் முதலில் பெயின்ட் கொப்புளமாக உப்பும், பிறகு வெடிக்கும், அதன் பிறகுதான் நிறம் தெரியும். இங்கே உப்பலே இல்லை. வெளியிலிருந்து இரும்புத் துகள் பறந்து வந்து மேல் பூச்சில் குத்தி நிற்கிறது. நீங்கள் பார்த்த கறுப்பு முனைதான் அது. மழையும் பனியும் பட்டு அந்தத் துகள் துருப்பிடிக்கிறது. காரில் துரு இல்லை, காரின் மேல் துரு இருக்கிறது.

காம்பவுண்ட் போட்டதும் போய்விட்டுத் திரும்பி வந்தது ஏன் என்பதற்கும் இதுதான் விடை. துகளின் தலையில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்தீர்கள், துகள் அங்கேயே இருந்தது. அது மறுபடி துருப்பிடித்தது.

#6 கூடுவாஞ்சேரி_வெள்ளை

ரொம்ப நன்றி அண்ணே. ராத்திரி தூக்கம் வரும். ஆனால் இரும்பு எங்கிருந்து வந்தது? எங்கள் குடியிருப்புக்குக் கிழக்கே 300 மீட்டர் தள்ளி செங்கல்பட்டு போகிற ரயில் பாதை. நாள் முழுக்க மின்சார ரயில் ஓடுகிறது. அதுவாக இருக்குமா?

#7 தண்டவாளம்

ரயில்வேயில் இருப்பவன் என்பதால் நானே வந்துவிட்டேன், எப்படியும் பழி எங்கள் மேல்தான் விழும். இந்த வகைப் புள்ளிக்கு வெளிநாட்டில் 'ரயில் தூசி' என்றே பெயர். புதுக் கார்களைச் சரக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு போகும்போது சக்கரமும் தண்டவாளமும் உரசிப் பறக்கிற இரும்புப் பொடி கார் மேல் படிவதால் வந்த பெயர். நம் ஊரில் பழைய வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகள் போய்ப் பெரும்பாலும் காம்போசிட் கட்டைகள் வந்துவிட்டன. ஆனாலும் சக்கரமும் தண்டவாளமும் இரும்புதானே, பொடி வரத்தான் செய்யும்.

ஆனால் ரயில் தூசி மெல்ல மெல்ல, வருடக்கணக்கில், குடியிருப்பில் நிற்கிற எல்லா வண்டியிலும் விழும். உங்களுக்கு ஒரே மழையில் தெரிந்திருக்கிறது, அதுவும் ஒரே பக்கத்தில். இடது பக்கம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது?

#8 சந்தேகப்_பிராணி

தீபாவளி! யாரும் தீபாவளியை யோசிக்கவே இல்லையே. புஸ்வாணத்தில் பொன்னிறமாகப் பறப்பது இரும்புத் தூள்தான். கம்பி மத்தாப்பிலும் அதே கதை. பார்க்கிங்கில் பிள்ளைகள் வெடித்திருப்பார்கள்.

#9 பட்டறை_அண்ணன்

இதை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். தீபாவளி முடிந்த வாரம் பட்டறைக்கு இப்படி ஓரிரண்டு வண்டி வரும். ஆனால் புஸ்வாணம் பக்கத்தில் கொளுத்தினால்தான் வண்டியில் விழும். விழுந்தாலும் ஒரு கதவில், ஒரு ஃபெண்டரில் கூட்டமாக விழும். டாப் முழுக்கச் சீராகத் தூவாது.

#10 கோவை_நீலம்

நடுவில் வந்து பேசுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் புள்ளிதான், ஆனால் ஆரஞ்சு இல்லை, மஞ்சள். கடுகை அரைத்து விரலால் சுண்டினால் எப்படித் தெறிக்குமோ அப்படி. அரிசி அளவில் சின்னச் சின்னக் கோடும் சொட்டும். கருநீல வண்டி என்பதால் பளிச்சென்று தெரிகிறது. காலையில் கழுவி நிறுத்தினால் மாலைக்குள் நாற்பது ஐம்பது. பதினோரு மாடிக் குடியிருப்பு, கீழே திறந்த பார்க்கிங். மரம் இல்லை. வாட்டர் வாஷ் கடைக்காரர், மேல் வீட்டு பால்கனியில் பெயின்ட் அடிக்கிறார்கள், அதன் சாரல் என்கிறார். மேல் வீடு பூட்டி ஆறு மாதம் ஆகிறது!

#11 பட்டறை_அண்ணன்

அம்மா, பெயின்ட் சாரல் என்றால் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும், ஈரத் துணிக்கு அசையாது. உங்களுடையது ஈரத் துணிக்கு வருகிறதா? இன்னொன்று, வண்டியில் மட்டும்தானா? மொட்டை மாடியில் காயப்போடும் துணியில்?

#12 கோவை_நீலம்

ஐயோ, ஆமாம்! வெள்ளைப் பெட்ஷீட்டில் இதே மஞ்சள் வந்து, வாஷிங் மெஷினில் ஏதோ கோளாறு என்று மெக்கானிக்கைக் கூடக் கூப்பிட்டேன். ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் வண்டியிலிருந்து வந்துவிடுகிறது, ஆனால் மெழுகு மாதிரி இழுவுகிறது.

#13 மலைக்காடு

நான் தேனீ வளர்ப்பவன். அக்கா, அண்ணாந்து பாருங்கள். எட்டாவது ஒன்பதாவது மாடியில் சன்ஷேடுக்கு அடியில் முறம் அளவுக்குக் கறுப்பாக ஏதாவது தொங்குகிறதா?

#14 கூடுவாஞ்சேரி_வெள்ளை

தேனீக் கதை எங்கே போகிறது என்று பார்க்க எனக்கும் ஆசைதான். அதற்குள் என் துப்பறிதலைச் சொல்லிவிடுகிறேன்.

தண்டவாளம் கேட்டது சரியான கேள்வி. ரயில் பாதை எனக்கு வலது பக்கம். இடது பக்கம் இருப்பது மதில் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கிற வீடு. இன்று காலை எங்கள் பார்க்கிங்கில் நிற்கிற வண்டிகளை வரிசையாகப் பார்த்தேன். மொத்தம் ஒன்பது. மதிலை ஒட்டி நிற்கிற நாலு வண்டியிலும் புள்ளி இருக்கிறது. சாம்பல் நிற வண்டியில் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, கவர் விரல் சோதனையில் தெரிந்தது. அவருக்கு இது வரை தெரியாது, இப்போது அவரும் தூக்கம் கெட்டுப் போயிருக்கிறார். எதிர் வரிசையில் சுத்தம்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு கவரில் சுற்றி, டாப்பின் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தில் இழுத்தேன். அழுக்கோடு அழுக்காகக் கிடந்த கறுப்புப் பொடி மயிர்க்கால் குத்திட்டது போல எழுந்து நின்றது. கவரை உதறித் தாளில் கொட்டி வைத்திருக்கிறேன்.

வாட்ச்மேனிடம் கேட்டேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு வாரம் பத்து நாள் அந்த வீட்டின் மொட்டை மாடியில் வைத்துத்தான் கிரில் கேட்டும் படிக்கட்டுக் கைப்பிடியும் அறுத்து வெல்டிங் வைத்தார்களாம். ராத்திரி ஒன்பது மணி வரை பொறி பறக்குமாம். "உங்க வண்டி மேலதான் சார் மத்தாப்பு மாதிரி விழுந்துச்சு" என்கிறார். அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டால், "பொறிதானே சார், அணைஞ்சிடும்ல" என்கிறார்.

ஒன்றுதான் புரியவில்லை. வேலை நடந்தது அக்டோபரில். புள்ளி தெரிந்தது நவம்பர் மழைக்குப் பிறகு. நடுவில் இரண்டு முறை நானே துடைத்திருக்கிறேன், அப்போது ஒன்றும் இல்லையே?

#15 பட்டறை_அண்ணன்

இருந்தது, நிறம்தான் வரவில்லை. கட்டிங் மெஷினிலிருந்து பறக்கிற பொறி என்பது தீப்பிடித்த இரும்புத் துணுக்கு. சூட்டோடு வந்து விழும்போது கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி மாதிரியான பூச்சை, லேசாக உருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அன்றைக்கு அது வெறும் கறுப்புத் தூசி, வெள்ளை வண்டியில் கூடச் சட்டென்று தெரியாது. மழை, பனி, ஈரக்காற்று பட்ட பிறகுதான் துருப்பிடித்து நிறம் காட்டும். அதனால்தான் ஆட்கள் எப்போதும் தப்பான நாளைச் சந்தேகப்படுவார்கள். புள்ளி தெரிந்த நாளை விட்டுவிட்டு, அதற்கு மூன்று நாலு வாரம் முன்னால் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

சரி, இனி வேலை. 'அயர்ன் ரிமூவர்' என்று கேட்டால் கார் ஆக்சஸரி கடையில் ஸ்ப்ரே பாட்டிலாகக் கிடைக்கும். தயோகிளைகோலேட் என்கிற உப்பு அதில் இருக்கும். முடி நீக்கும் கிரீமில் இருப்பதும் அதே இனம்தான், வாடையும் அப்படியே அடிக்கும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாகி வழியும். வெயிலில் செய்யக் கூடாது, பானெட் சூடாக இருக்கக் கூடாது. முதலில் நன்றாக வாட்டர் வாஷ், பிறகு ஒரு பேனலுக்கு அடித்து மூன்று நாலு நிமிடம் விட்டு, காய்வதற்கு முன் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். காய்ந்துவிட்டால் அதுவே ஒரு கறை. கையுறை கட்டாயம். ஒரு தடவையில் போகாது, இரண்டாவது முறையும் அடியுங்கள்.

அதற்குப் பிறகும் நிற்பதற்குக் களிமண், அதாவது கிளே பார். பிள்ளைகள் விளையாடும் மாவு மாதிரி இருக்கும். ஷாம்பூத் தண்ணீரை நிறைய ஊற்றி, ஒரு முழ நீளத்துக்கு முன்னும் பின்னும் லேசாக ஓட்ட வேண்டும். வட்டமாகச் சுற்றாதீர்கள், அழுத்தவும் வேண்டாம். முதலில் கரகரவென்று சத்தம் கேட்கும், துகள் களிமண்ணுக்குப் போகப் போகச் சத்தம் நிற்கும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து புது முகம் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தால் குப்பைத் தொட்டிதான். மணலோடு எடுத்துத் தேய்த்தால் வண்டி முழுக்கக் கோடு விழும், அப்புறம் என்னிடம்தான் வருவீர்கள். கிளேதான் முதலில் என்று சிலர் செய்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. கெமிக்கல் கரைத்து விடுகிற துகளைக் களிமண் ஏன் பெயின்ட் மேல் உருட்ட வேண்டும்?

#16 எளிய_வழி

இவ்வளவு எதற்கு. பாத்ரூம் ஆசிட்டைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து துணியில் தொட்டுத் துடையுங்கள். துரு பறந்துவிடும். நான் பைக் சைலன்சருக்கு அப்படித்தான் செய்கிறேன்.

#17 லேப்_கோட்

தயவுசெய்து இதை யாரும் செய்ய வேண்டாம். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவோடு சேர்த்து குரோம் பூச்சையும் அலுமினியத்தையும் அரிக்கும். கதவு இடுக்கில், பூட்டில், ஸ்க்ரூவில் தங்கினால் இல்லாத துருவை நீங்களே உண்டாக்குகிறீர்கள். கண்ணுக்கும் மூச்சுக்கும் வரும் ஆபத்து தனி.

துருக்கறைக்கென்று பழைய ஆட்கள் பயன்படுத்தும் அமிலம் ஆக்ஸாலிக். அது வேலை செய்யும். ஆனால் அது விஷம், தோலில் படக் கூடாது, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் டப்பாவை எங்கே வைப்பது என்ற தலைவலி வேறு. நடுநிலை பி.எச். உள்ள, அதாவது அமிலமும் காரமும் இல்லாத அயர்ன் ரிமூவர் கையில் கிடைக்கும்போது அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

#18 எளிய_வழி

சரி சரி, ஆசிட் வேண்டாம். காம்பவுண்டையே இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் என்ன? துகளோடு சேர்ந்து போய்விடாதா?

#19 பட்டறை_அண்ணன்

போகும். அதோடு கிளியர் கோட்டும் போகும். தகட்டின் மேல் இருக்கிற மொத்தப் பூச்சும், பிரைமரிலிருந்து கிளியர் வரை, கம்பெனி பெயின்ட்டில் சுமார் 100 முதல் 130 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது ஒரு வண்டியின் மொத்தப் பெயின்ட்டும் இரண்டு முடி கனம் கூட இல்லை. அதில் மேலே இருக்கும் கிளியர் மட்டும் 40, 50. வெயிலைத் தாங்குகிற மருந்து அந்தக் கிளியரில்தான் இருக்கிறது. கை வலிக்கத் தேய்த்தால் அதிலிருந்து சில மைக்ரான் போய்விடும், போனால் திரும்ப வராது. பேனலின் முனை, மடிப்பு இருக்கும் இடத்தில் பூச்சு இன்னும் மெல்லிசு. பளபளப்புக்காக வாராவாரம் ரப்பிங் போட்டு, நாலாவது வருடம் டாப்பில் கிளியர் பாம்புச் சட்டை மாதிரி உரிந்த வண்டிகளை எத்தனையோ பார்த்தாயிற்று.

#20 நீலாங்கரை_உப்பு

அண்ணே, என் வண்டியிலும் ஒரு புள்ளி. டிக்கி கதவின் கீழ் ஓரம், நம்பர் பிளேட் பக்கத்தில். பட்டாணி அளவுக்கு உப்பி இருக்கிறது, சுற்றிலும் பழுப்பு. வீடு கடற்கரைக்கு இரண்டு தெரு. அயர்ன் ரிமூவர் போட்டால் போகுமா?

#21 பட்டறை_அண்ணன்

போகாது. உங்களுடையதுதான் உள்ளேயிருந்து வரும் துரு. உப்பி இருக்கிறது, ஓரத்தில் இருக்கிறது, தகட்டில் இருக்கிறது. கல் பட்டோ, ஸ்க்ரூ உரசியோ பெயின்ட் விட்டிருக்கும், அந்த வழியாக உப்புக்காற்று நுழைந்துவிட்டது. மேலே பட்டி வைத்து மூடினால் ஆறு மாதத்தில் பட்டியைத் தூக்கிக்கொண்டு வரும். தகடு வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டி, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதன் பிறகுதான் மற்றது. பட்டாணி அளவில் இருக்கும்போதே செய்துவிடுங்கள், தட்டு அளவுக்கு வளரவிடாதீர்கள்.

#22 கோவை_நீலம்

மலைக்காடு தம்பி, அண்ணாந்து பார்த்தேன். ஒன்பதாவது மாடியில் ஒன்று இல்லை, மூன்று! ஒவ்வொன்றும் முறத்தை விடப் பெரிது. இத்தனை நாளாக அதைக் கட்டடத்தின் நிழல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, தேனீ இருக்கிறது. புள்ளிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? தேன் சொட்டுகிறதா?

#23 மலைக்காடு

தேன் சொட்டினால் நக்கிப் பார்க்கலாம். இதை நக்கிவிடாதீர்கள். எச்சம்.

அது மலைத்தேனீ. கூடு தொங்கவிட்டு, ஒரே அடையாகக் கட்டும். தேனீ கூட்டுக்குள் அசிங்கம் செய்யாது, வெளியே பறந்து போய்த்தான் போகும். மலைத்தேனீக்கு ஒரு பழக்கம், ஒரு நேரத்தில் நூற்றுக்கணக்கில் கூட்டமாகக் கிளம்பிப் பறந்து எல்லாம் சேர்ந்து கழித்துவிட்டுத் திரும்பும். கீழே நிற்கும் உங்களுக்கு மஞ்சள் தூறல். மஞ்சளும் மெழுகு மாதிரி இழுவுவதும் மகரந்தத்தால். செரித்தது போக மிஞ்சிய மகரந்த ஓடுகள் அவை.

இதில் உலக அரசியலே இருக்கிறது. 1981இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், லாவோஸிலும் கம்போடியாவிலும் சோவியத் உதவியோடு 'மஞ்சள் மழை' என்ற நச்சு ஆயுதம் வீசப்படுகிறது என்று குற்றம் சாட்டினார். இலைகளிலிருந்து எடுத்த மஞ்சள் சொட்டுகளைப் பார்த்த ஹார்வர்டு உயிரியலாளர் மேத்யூ மெசல்சன், அவை தேனீ எச்சம் என்றார். 1984இல் அவரும் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியும் தாய்லாந்துக்குப் போய்த் தேடியபோது, அவர்கள் மேலேயே அந்த மஞ்சள் தூறல் விழுந்தது. நீங்கள் வாஷிங் மெஷின் மேல்தான் பழி போட்டீர்கள், அமெரிக்கா ஒரு வல்லரசின் மேலேயே பழி போட்டது.

வண்டிக்கு: காய்ந்ததைச் சுரண்டாதீர்கள். நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு, தூக்கி எடுங்கள். அன்றன்றைக்கே எடுத்தால் நல்லது. கொள்ளி வைத்துக் கூட்டை எரிக்கச் சொல்லி யாராவது கமிட்டியில் பேசுவார்கள். விடாதீர்கள். எரித்தால் தேனீ கோபத்தோடு எல்லா மாடிக்கும் வரும், மலைத்தேனீ துரத்தித் துரத்திக் கொட்டும், உயிரே போகலாம். பருவம் முடிந்தால் அதுவே இடம் பெயர்ந்துவிடும். அதுவரை வண்டியை நாலு இடம் தள்ளி நிறுத்துங்கள்.

#24 பட்டறை_அண்ணன்

தம்பி, ஒரே பதிவில் என் 26 வருடத்தை மிஞ்சிவிட்டீர்கள். இதுவரை அந்த மஞ்சளை நான் வேப்பம்பழம் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பறவை எச்சத்தைப் பற்றியும் ஒரு வரி. அதையும் விட்டுவைக்க முடியாது. வெயிலில் கிளியர் கோட் இளகும், சாயங்காலம் இறுகும். மேலே காய்ந்து கெட்டியான எச்சத்தின் சுருக்கத்தோடு சேர்ந்து இறுகிவிட்டால் அந்தத் தடம் அப்படியே பதிந்துவிடும். அதைக் கழுவி எடுக்க முடியாது, பாலிஷ்தான்.

#25 கூடுவாஞ்சேரி_வெள்ளை

ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டேன். விவரமாகவே எழுதுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன், பேஸ்மென்ட்டில், நிழலில். இடது பின் கதவில் முதல் ஸ்ப்ரே. பத்து பதினைந்து நொடி ஒன்றுமே இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு புள்ளியிலும் குட்டி ஊதா வட்டம் மலர்ந்து, அதிலிருந்து நாவல்பழச் சாறு மாதிரிக் கோடுகோடாக இறங்க ஆரம்பித்தது. கதவு முழுக்க ஊதா அழுகை. புள்ளி இருந்ததாக நான் நினைக்காத இடமெல்லாம் அழுதது. வலது கதவிலும் சும்மா அடித்துப் பார்த்தேன், மூன்றே மூன்று கோடு. சக்கரத்தில் பட்டதும் அது முழுக்க ஊதாவாகிவிட்டது, பிரேக் தூசி என்று படித்தேன். வாடையைப் பற்றி அண்ணன் சொன்னது குறைவு. மனைவி மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

இரண்டாவது சுற்றுக்குப் பிறகு பத்தில் எட்டு போய்விட்டது. மீதிக்கு கிளே. டாப்புக்குத்தான் நேரம் எடுத்தது, ஸ்டூல் போட்டு ஒன்றரை மணி நேரம். களிமண்ணை மடிக்கும்போது உள்ளே கறுப்புப் பொட்டுகள் எள்ளுருண்டை மாதிரி இருந்தன. ஒரு முறை கீழே விழுந்தது. எடுத்து அலசிவிடலாமா என்று மனசு சொன்னது. இல்லை, குப்பையில் போட்டுவிட்டு இரண்டாவது துண்டை எடுத்தேன். கடைசியில் மெழுகு.

பானெட்டில் ஒரு முப்பது புள்ளி ஆழமாக நிற்கிறது, பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். அவற்றை அப்படியே விட்டுவிடுகிறேன். வருத்தம் தருவது வேறு. நான் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்த அந்த உள்ளங்கை அளவு இடம் இப்போது மற்ற இடத்தை விட மங்கலாக, சாய்வாகப் பார்த்தால் கீறல் கீறலாகத் தெரிகிறது. பொறி செய்யாத சேதத்தை நான் செய்திருக்கிறேன்.

செலவு: அயர்ன் ரிமூவர் 640, கிளே 480, மெழுகு 390. மொத்தம் 1,510 ரூபாய், முதுகு வலி தனி. முன் கண்ணாடியில் இருக்கும் புள்ளிகளுக்கு என்ன செய்வது?

#26 பட்டறை_அண்ணன்

கண்ணாடிக்கும் அதே கிளேதான். போகாதது கண்ணாடியைக் குழித்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம், கண்ணை உறுத்தாவிட்டால் விட்டுவிடுங்கள். அந்த உள்ளங்கை இடத்துக்கு நல்ல கையில் கொடுத்து மெஷினில் ஃபைன் பாலிஷ் ஒரு முறை. ஒரே முறைதான்.

#27 கிரில்_கடை

இழை முழுக்கப் படித்துவிட்டுப் பேசாமல் போக முடியவில்லை. நான் அதே தொழில் செய்பவன், வேறு ஊர். பொறி போகும் திசையில் நனைத்த கோணிச்சாக்கோ தார்ப்பாயோ கட்டிவிட்டு அறுத்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. கட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் ஒன்று சொல்கிறேன், பக்கத்து வண்டிக்காரர் யாராவது வந்து சொன்னால்தான் எங்கள் பையன்களுக்கும் உறைக்கும். பொறி அணைந்துவிடும் என்று அந்த வாட்ச்மேன் நினைத்த மாதிரிதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நாளையிலிருந்து சாக்கு கட்டுகிறோம்.

#28 கோவை_நீலம்

கமிட்டி கூட்டத்தில் நினைத்தபடியே தீப்பந்தம் பேச்சு வந்தது. நானும் இன்னும் இருவரும் எதிர்த்தோம். வண்டியைக் கிழக்குப் பக்கம் மாற்றிவிட்டேன், இரண்டு நாளாக ஒரு மஞ்சள் கூட இல்லை. பெட்ஷீட் இப்போது வீட்டுக்குள் காய்கிறது. மெக்கானிக் வாங்கிய 350 ரூபாய்தான் திரும்பி வராது.

#29 கூடுவாஞ்சேரி_வெள்ளை

இன்று காலை மதிலுக்கு அந்தப் பக்கம் மறுபடி கட்டிங் மெஷின் சத்தம், இரண்டாவது மாடிக்குக் கைப்பிடி வைக்கிறார்கள். போய்ப் பேசினேன். தாளில் கொட்டி வைத்திருந்த இரும்புப் பொடியையும் காட்டினேன். பையன் நல்லவன், மாலைக்குள் தார்ப்பாய் கட்டிவிடுகிறேன் என்றான். அதுவரைக்கும் வண்டியை எடுத்துத் தெருக்கோடியில் அரசமரத்தடியில் நிறுத்திவிட்டு ஆபீஸ் வந்திருக்கிறேன். நல்ல நிழல்.

#30 பட்டறை_அண்ணன்

மேலே காக்கைக் கூடு இருக்கிறதா என்று பார்த்தீர்களா தம்பி?

#31 கூடுவாஞ்சேரி_வெள்ளை

மனைவிக்கு போன் போட்டிருக்கிறேன்.